கல் இங்கே; சில்லு எங்கே?

ஒரு நாட்டின் மண்ணிற் பிறக்கும் பொருள் அந்நாட்டார்தம் அறிவொடு கூடாத வரையில் அது வெறுங்கல்லே. அந்நாட்டார்தம் அறிவு அந்நாட்டின் கைக்கு உதவாத வரையில் அது வெறுங்கூலியே. தமிழ்நாட்டில் கல்லும் உண்டு, அறிவும் உண்டு. ஆயினும் இவ்விரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமலேயே அரை நூற்றாண்டிற்கு மேற் கழிந்துவிட்டது. கல் மலையிலிருந்து இறங்கி எங்கோ சென்றது. அறிவு கல்லூரியிலிருந்து இறங்கி எவருக்கோ உழைத்தது. அண்மையில் சென்னையில் உருவாகிய ஒரு நுண்சில்லு, இந்நிலை மாறுதற்கு ஒரு வாயில் திறந்திருப்பதைக் காட்டுகின்றது. அவ்வாயில் மீண்டும் அடைபட்டுப் போகாவண்ணம் காப்பது தமிழர்தம் கடன்.

2021ஆம் ஆண்டில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அரவணைப்பில் மைண்டுகுரோவு என்னும் பெயரில் ஒரு சிறு நிறுவனம் தோன்றியது. சாசுவத்து, சரண் சீனிவாசு ஆகிய இளைஞர் இருவர் அதனைத் தோற்றுவித்தனர். 2024 மே திங்களில் அந்நிறுவனம் தன் முதற்சில்லை உலகிற்கு அறிவித்தது. நொடிக்கு எழுபது கோடி முறை துடிக்கும் ஆற்றலுடையது அது. மின்னளவி, நீரளவி, கதவுப் பூட்டு, கைம்மணிப்பொறி, மின்னூர்தியின் மின்கலக் காவல் போன்ற அன்றாடக் கருவிகளுக்குள் அமர்ந்து மூளையாய் இயங்குதற்கென வகுக்கப்பெற்றது. இத்தகைய பிற நாட்டுச் சில்லுகளினும் ஏறத்தாழ முப்பது விழுக்காடு விலை குறைந்ததாகத் தருதல் கூடும் என்று அந்நிறுவனத்தார் கூறினர். அவ்வாண்டின் இறுதியில் முதலீட்டாளரிடமிருந்து எண்பது இலக்கம் அமெரிக்க வெள்ளியும் திரட்டினர்.

இதன்கண் வியப்பதற்கு என்ன உளது என்று சிலர் வினவலாம். கைபேசிக்குள்ளும் கணிப்பொறிக்குள்ளும் இதனினும் பன்மடங்கு விரைவான சில்லுகள் உள்ளன என்பது மெய்யே. ஆனால் அவற்றை வகுத்தவர் எவர்? உரிமை எவர் கையில்? விலை சொல்பவர் எவர்? அவர் தாரேன் என்றால் இவர் என்செய்வார்? இவ்வினாக்களை எழுப்பும்பொழுதுதான் இச்சிறு சில்லின் பெருமை புலப்படும்.

சில்லு என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. உடைந்த பானையோட்டை எடுத்துத் தரையிற் கட்டம் கீறிச் சிறுமியர் ஆடும் ஆட்டத்துச் சில்லே அது. இற்றைச் சில்லோ மணலிற் பிறப்பது. மணலிலுள்ள சிலிக்கன் என்னும் மண்ணியத்தைப் பிரித்து, நூறு கோடி அணுக்களில் ஒன்றிரண்டுகூட வேற்றணு கலவாத அளவிற்குத் தூய்மைப்படுத்தி, உருளையாக வளர்த்து, அப்பளம்போல் மெல்லிய வட்டமாக அறுத்து, அதன்மேல் ஒளியைக்கொண்டு சுற்றுவழிகளைப் பொறிப்பர். மின்னைக் கடத்துவதும் கடத்தாததுமாய் நடுநிற்கும் அதன் இயல்பாற்றான் அதற்குக் குறைகடத்தி என்று பெயர். சென்னைச் சில்லு 28 நானோமீட்டர் நுண்மையுடைய வகையைச் சார்ந்தது. மாந்தனின் தலைமயிர் ஏறத்தாழ எண்பதினாயிரம் நானோமீட்டர் தடிப்புடையது என்றால் அந்நுண்மையை உய்த்துணர்ந்து கொள்ளலாம்.

ஒவ்வொரு சில்லும் ஒரு மொழி அறியும். கூட்டு, கழி, எடு, வை என்றாற்போன்ற கட்டளைகளின் தொகுதியே அம்மொழி. உலகின் கணிப்பொறிகளுட் பெரும்பாலன இண்டெல் என்னும் அமெரிக்க நிறுவனம் வகுத்த கட்டளைத் தொகுதியிலும், கைபேசிகள் ஆர்ம் என்னும் பிரித்தானிய நிறுவனத்தின் கட்டளைத் தொகுதியிலும் இயங்குகின்றன. அவற்றைக் கையாளப் பிறர் இசைவு வேண்டும். இசைவிற்கு விலை வேண்டும். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார், எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்க ஒரு கட்டளைத் தொகுதியை வகுக்கத் தொடங்கினர். 'ரிசுக்கு ஐந்து' என்பது அதன் பெயர். பொதுக்கிணறுபோன்ற அத்தொகுதியை அடியாகக் கொண்டு, பேராசிரியர் காமகோடி முதலானோர் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் 'சக்தி' என்னும் செயலி வரிசையை உருவாக்கினர். 2018ஆம் ஆண்டில் அவ்வரிசையின் ஒரு சில்லு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து இண்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுண்மையிலும், மற்றொன்று இந்திய அரசின் மொகாலி ஆலையில் 180 நானோமீட்டர் நுண்மையிலும் வார்க்கப்பெற்றன. அவ்வழியிற் பிறந்ததே இப்பொழுது சந்தைக்கு வந்துள்ள சில்லு. ஆய்வுக்கூடத்தில் ஒரு செயலியைச் செய்து காட்டுவது வேறு. அதனை ஆயிரக்கணக்கில் விற்பனைக்குக் கொணர்வது வேறு. பின்னதைச் செய்யத் துணிந்தமையே இவ்விளைஞர்க்குரிய சிறப்பாகும்.

எனினும் ஒரு கசப்பான உண்மையை மறைத்தல் ஆகாது. சில்லை வகுத்த மூளை சென்னையில் இருந்தது; வார்க்கும் உலை இந்திய எல்லைக்குள்ளேயே இல்லை. 28 நானோமீட்டர் நுண்மையில் வார்க்கத்தக்க ஆலை அச்சில்லு அறிவிக்கப்பெற்ற காலத்தில் இந்தியாவில் எங்கும் இல்லாமையால், கடல் கடந்த ஆலையின் கதவைத் தட்ட நேர்ந்தது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. மொகாலியில் அரசு நிறுவிய குறைகடத்தி ஆலை 1984ஆம் ஆண்டில் ஆக்கத்தைத் தொடங்கியது. இன்று உலகச் சில்லுகளின் பேருலையாய் விளங்கும் தைவான் நிறுவனம் அதற்கு மூன்றாண்டு பின்னர், 1987இல்தான் பிறந்தது. மூத்தது முந்தியிருத்தல் வேண்டும். ஆனால் 1989ஆம் ஆண்டில் மொகாலி ஆலையில் தீப்பற்றியது. எரிந்ததை எடுத்துக் கட்டுதற்கு ஆண்டுகள் பல ஆயின. அதற்குள் உலகம் பல படிகள் ஏறிச் சென்றுவிட்டது. அவ்வாலை இன்றும் 180 நானோமீட்டர் நுண்மையிலேயே நிற்கின்றது. தீ அழித்ததைக் காட்டிலும் தில்லியின் அயர்வு அழித்ததே மிகுதி.

இனிக் கல்லின் கதைக்கு வருதல் வேண்டும். சேலத்திற்கு வடக்கே ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. ஏரியும் காடும் கூடியமையால் ஏரிக்காடு என்னும் தூய தமிழ்ப்பெயர் பெற்று, வழக்கில் ஏற்காடு எனத் திரிந்த ஊரும், கரடியூர் முதலிய சிற்றூர்களும் அம்மலைமேல் உள்ளன. மலையாளிகள் எனப்பெறும் பழங்குடித் தமிழ் மக்கள் அங்கு வாழ்கின்றனர். உச்சிக் குகையிற் சேர்வராயனை வழிபடுவோரும் அவரே. 1820ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தை ஆண்ட ஆங்கிலேயத் தண்டலர் காக்குபருன் அங்குக் குளம்பிச் செடியை நட்டார். அன்றுதொட்டு மலையின் விளைவு மலையிலிருந்து இறங்குவதற்கென்றே உரியதாயிற்று. குளம்பிக்குப் பின்னர் மண்ணே இறங்கலாயிற்று. மலையின் மேற்பரப்பிலுள்ள செம்மண், அலுமினியக் கனிமமாகிய பாக்சைட்டு என்பது அறியப்பட்டமையே அதற்குக் கரணியம்.

மால்கோ எனப்பெற்ற சென்னை அலுமினிய நிறுவனம் 1965ஆம் ஆண்டில் மேட்டூரில் உலையேற்றியது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் அகழ்ந்த பாக்சைட்டே அதற்கு இரை. பின்னர் வேதாந்தாக் குழுமத்தின் கைக்குச் சென்ற அவ்வாலை 2008ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோயிற்று. நாற்பத்து மூன்று ஆண்டுகள் மலை கரைந்து கம்பியாகவும் தகடாகவும் வெளியேறியது. மலைவாணர்க்கு எஞ்சியவை அகழ்ந்த பள்ளமும் அன்றாடக் கூலியின் நினைவுமே.

இக்கல்லுக்கும் சில்லுக்கும் என்ன தொடர்பு? தொடர்பு இரண்டு வகையால் உண்டு. முதலாவது, சில்லின் உட்கம்பிகள் நெடுங்காலம் அலுமினியத்தாலேயே அமைக்கப்பெற்றன. 1997ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் செம்புக்கு மாறும் முறையை அறிவித்த பின்னரே நுண்ணிய சில்லுகள் செம்புக்கு மாறின. இரண்டாவது தொடர்பே பெரிது. பாக்சைட்டினுள் காலியம் என்னும் அருமாழை ஒளிந்திருக்கின்றது. அலுமினியத்தின் உடன்பிறப்பாகிய இம்மாழை இருத்தல் வேண்டும் என்று 1871ஆம் ஆண்டிலேயே உருசிய அறிஞர் மெண்டலீவு கணித்துரைத்தார். 1875இல் பிரெஞ்சு அறிஞர் புவபோத்திரான் அதனைக் கண்டறிந்தார். 29.8 பாகை வெம்மையில் உருகுவது அது. ஏற்காட்டுக் குளிரிற் கட்டியாய்க் கிடக்கும். சேலத்துக் கோடையில் நீராய் ஓடும்.

காலியத்திற்கெனத் தனிச் சுரங்கம் இல்லை. ஆயிரங் கிலோ பாக்சைட்டில் ஏறத்தாழ ஐம்பது கிராமே அது இருக்கும். பாக்சைட்டைச் சூடான எரிசோடாவிற் கரைத்து அலுமினாவைப் பிரிக்கும்பொழுது, காலியத்தின் பெரும்பங்கு கரைசலிற் சேர்ந்து நாளடைவிற் செறியும். எஞ்சியது செஞ்சேற்றோடு போய்விடும். காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் ஈந்தமையால் எழுந்து, 1953ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிலையத்தார், அக்கரைசலிலிருந்து காலியம் எடுக்கும் முறையை ஆய்ந்து வகுத்தனர். மேட்டூரிலும் சிற்றளவில் காலியம் பிரித்தெடுக்கப்பட்டதுண்டு. பின்னர் அது கைவிடப்பட்டது. கல்லும் தமிழ்நாட்டிலேயே, ஆலையும் தமிழ்நாட்டிலேயே, பிரிக்கும் அறிவும் தமிழ்நாட்டிலேயே. மூன்றும் ஒரே மாநிலத்தில் இருந்தும் முயற்சி முளையிலேயே கருகியது.

கைவிட்ட அப்பொருளின் இற்றை நிலை என்ன? காலியத்தை ஆர்சனிக்கொடு கூட்டினால் செயற்கைக்கோளுக்கும் கைபேசிக்கும் வேண்டிய விரைவுச் சில்லு பிறக்கும். வளியத்தொடு, அஃதாவது நைட்டிரசனொடு கூட்டினால் தொலைக்கதிர்க் கருவிக்கும் மின்னூர்திக்கும் வேண்டிய வலிய சில்லு பிறக்கும். நீல ஒளி விளக்கும் அதனாலேயே ஆயது. அதனைப் படைத்தோர் 2014ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். இன்று உலகில் முதலாக்கமாய் எடுக்கப்பெறும் காலியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்திற்கும் மேல் சீனத்தினுடையது. 2023 ஆகத்துத் திங்கள் முதல் அரசின் இசைவின்றி அதனை ஏற்றுமதி செய்தல் கூடாதென்று சீனம் கட்டளையிட்டபொழுது, வல்லரசுகளே கலங்கின. ஐம்பது கிராமென்று இகழப்பட்டது உலகையே அசைக்கும் படைக்கருவியாயிற்று.

இதனைக் கேட்டவுடன் சேர்வராயன் மலையை மீண்டும் அகழ்க என்று கூவுவோர் சிலர் எழலாம். அது பெருந்தவறு. மலை பழங்குடி மக்களின் தாய்மடி. சோலையும் சுனையும் அதன் உயிர். ஐம்பது கிராமுக்காக ஆயிரங் கிலோ மண்ணைப் பெயர்ப்பது அறிவுடைமை ஆகாது. முன்னர் அகழ்ந்தெடுத்து அலுமினா எடுத்தபின் மேட்டூரில் வெளிப்பட்ட செஞ்சேற்றில் என்ன எஞ்சியுள்ளது என்பதை ஆய்ந்தறிவதே முதற்பணி. ஆய்வதற்குக் காரைக்குடி உண்டு. அடிவாரத்திற் சேலத்து அரசு பொறியியற் கல்லூரியும் உண்டு. எடுத்த மண்ணுக்கே கணக்கு எழுதாதவர் எடாத மண்ணுக்கு உரிமை கொண்டாடுதல் முறையன்று.

இனி இந்திய அரசின் போக்கை நோக்குதல் வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் எழுபத்தாறாயிரங் கோடி உருபா அளவில் ஒரு குறைகடத்தித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2023 முதல் 2025 ஆகத்து வரையில் அதன்கீழ் இசைவு பெற்ற பெருந்திட்டங்கள் பத்து. குசராத்தில் நான்கு, ஒடிசாவில் இரண்டு, அசாம், உத்தரப்பிரதேசம், பஞ்சாபு, ஆந்திரம் ஆகியவற்றில் ஒவ்வொன்று. தமிழ்நாட்டில் ஒன்றும் இல்லை. குசராத்துத் தோலேராவில் அமையும் ஆலை ஒன்றுமட்டும் தொண்ணூற்றோராயிரங் கோடி உருபாவினது. அத்தகைய ஆலைக்கு ஆகும் செலவிற் பாதியை நடுவணரசே ஏற்கின்றது. ஒடிசாவுக்குச் சென்ற திட்டங்களுள் ஒன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்க்கியன் வேதிப்பொருள் நிறுவனத்தின் கிளையினுடையது! 2024-25ஆம் ஆண்டில் இந்தியாவின் மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்திலிரண்டு பங்கு, அஃதாவது 1,465 கோடி அமெரிக்க வெள்ளிப் பெறுமானம், தமிழ்நாட்டினது. கூட்டிப் பொருத்தும் கை தமிழ்க்கை. வார்க்கும் உலைமட்டும் வேறிடத்தில். இது தற்செயலான பங்கீடு என்று நம்புதற்குத் தமிழர் பேதையர் அல்லர்.

சில்லை வகுக்கும் சிறு நிறுவனங்களுக்கு வடிவமைப்புச் செலவிற்கென அத்திட்டம் வகுத்த உதவியோ, ஒரு விண்ணப்பத்திற்குப் பதினைந்து கோடி உருபா என்னும் உச்ச எல்லைக்கு உட்பட்டது. ஆலைக்கு ஆயிரங்கோடிக் கணக்கில். அறிவுக்கு ஒற்றைப்படிக் கணக்கில். உலகச் சில்லு வடிவமைப்பாளருள் ஐவரில் ஒருவர் இந்தியாவில் உள்ளார் என்று அரசே பெருமை பேசுகின்றது. அவருட் பெரும்பாலார் அயல் நிறுவனங்களுக்கே வரைந்து கொடுக்கின்றனர். வரைவோர் இங்கே, வரைவின் உரிமை அங்கே. இந்நிலையில் தன் பெயரிலேயே ஒரு சில்லைக் கொணரும் நிறுவனத்திற்கு எத்துணை ஊக்கம் வேண்டும்?

தில்லியைக் குறைகூறி அமைதல் மட்டும் போதாது. தமிழ்நாட்டரசின் கையிலும் ஒரு பெருங்கருவி உண்டு. 2025 மார்ச்சுத் திங்களில் ஐந்நூறு கோடி உருபா அளவில் தமிழ்நாட்டுக் குறைகடத்தி இயக்கம் அறிவிக்கப்பட்டது; கோவையை அடுத்த சூலூரிலும் பல்லடத்திலும் குறைகடத்திப் பொறிகள் செய்தற்கான பூங்காக்களும் அறிவிக்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் புதிய சில்லுக்குத் தேவை நன்கொடையன்று, வாங்குவோர். ஒரு கருவி செய்வோன் பழகிய சில்லை விட்டுப் புதியதற்கு எளிதில் மாறான். மாறினால் மென்பொருளைத் திருத்துதல் வேண்டும்; சுற்றுப்பலகையை மீண்டும் வரைதல் வேண்டும்; வெயிலிலும் மழையிலும் திங்கட்கணக்கில் ஆய்ந்து பார்த்தல் வேண்டும். சில உருபா மிச்சத்திற்காக அத்துணை இடரை எவன் ஏற்பான்? ஆகவேதான் நல்ல சில்லுகளும் முதற்பெருங்கொள்வோன் இன்மையால் மடிகின்றன. அமெரிக்காவில் இத்தொழில் வளர்ந்த வரலாறு இதனையே காட்டும். 1960ஆம் ஆண்டுகளில் நிலவுச் செலவுக்கான கணிப்பொறிக்கும் படையின் ஏவுகணைக்கும் அவ்வரசே சில்லுகளைப் பெருமளவில் வாங்கியது. விலை இறங்கிய பின்னரே பொதுச் சந்தை வந்தது.

தமிழ்நாட்டில் மின்னிணைப்புகள் மூன்று கோடிக்கு மேல் உள்ளன. அவற்றிற்கெல்லாம் அறிவளவி பொருத்தும் காலம் வந்துகொண்டிருக்கின்றது. ஒவ்வோரளவிக்குள்ளும் ஒரு சில்லு உண்டு. அவற்றுட் பத்திலொரு பங்கேனும் இந்நாட்டார் வகுத்த சில்லாக இருத்தல் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால், ஒரு நிறுவனமன்று, ஒரு தொழிலே நிலைபெறும். தரத்தில் தளர்வு வேண்டா. ஆய்ந்து பார்க்க; தேறினால் வாங்குக; தேறாவிடில் திருப்புக. தேர்வெழுதவே இடந்தராமல் தோற்றவன் என்று முத்திரை குத்துதல்தான் கூடாது. காவலைப் பற்றிய கருத்தும் இதனுள் அடங்கும். வீட்டின் மின்செலவும் ஊரின் நீரோட்டமும் கணிக்கும் கருவியின் உள்ளுறுப்பு எவர் வகுத்தது என்றே அறியாத நாடு, சாவியைப் பிறனிடம் கொடுத்துவிட்டு வீட்டிற்குக் காவல் வைப்பதை ஒக்கும்.

தமிழ்நாட்டுச் செல்வர்க்கும் இதிற் பங்குண்டு. நூற்பாலையும் திரைப்படமும் மனைவணிகமும் அறிந்த முதல், சில்லுத் தொழிலுக்கு அஞ்சுகின்றது. ஐந்தாறாண்டு பொறுத்திருத்தல் வேண்டும் என்பதே அவ்வச்சத்தின் வேர். அழகப்பர் காரைக்குடியில் முந்நூறு ஏக்கர் நிலத்தை ஈந்தபொழுது மறுதிங்களே ஊதியம் வரும் என்று கருதினாரல்லர். அத்தகைய நெஞ்சம் இன்று எங்கே?

இறுதியாக மொழி. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியது. மின்னணுவியல் அவ்வாறு தொடங்கப்பெறவில்லை. சில்லைப் பற்றிய நூல்கள் தமிழில் அரிதாகையால், கரடியூர்ப் பள்ளியிற் படிக்கும் மலைமகன், தன் காலடி மண்ணுக்குள் உலகு தேடும் காலியம் உளது என்பதனையே அறியாமல் வளர்கின்றான். ஆங்கிலம் அறிந்த பின்னரே அறிவு என்றால், அவனுக்கு அறிவு வருவதற்குள் மண் போய்விடும். பிறக்கும் சில்லுக்கு இடும் பெயரும் தமிழாதல் வேண்டும். பெயர் வெறும் ஒலியன்று, உரிமைச் சீட்டு. சில்லு, குறைகடத்தி, செயலி, சுற்று, கட்டளைத் தொகுதி என்று சொற்கள் ஆயத்தமாய் உள்ளன. எழுதும் கைதான் வேண்டும்.

செயற்பாலன தெளிவானவை. அரசு வாங்கும் கருவிகளில் இந்நாட்டுச் சில்லுக்கு ஓரிடம் ஒதுக்குக. செஞ்சேற்றை ஆய்ந்து மலையைக் காக்க. நடுவணரசின் பங்கீட்டில் தமிழ்நாட்டிற்குரிய ஆலையைக் கேட்டுப் பெறுக. மின்னணுவியலைத் தமிழிற் கற்பிக்க. இந்நான்கனுள் ஒன்றேனும் இவ்வாண்டிற் செய்யப்பெறின் சென்னைச் சில்லு தனித்து நில்லாது. செய்யப்பெறாவிடின், மேட்டூரில் காலியத்திற்கு நேர்ந்ததே சென்னையில் சில்லுக்கும் நேரும். அறிவும் உழைப்பும் பிறர்க்குக் கூலியாய்ப் போக, விலை கொடுத்து வாங்குவோராய் மட்டுமே தமிழர் நிற்பர். மலை ஒருமுறை இறங்கியது போதும். மூளையும் அவ்வழியே இறங்கிப் போகாவண்ணம் தமிழ்நாடு விழித்தெழுக!